கோர்ட் சீனில் மழை

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், பரவால்ல. வடகத்துக்குத்தானே வந்தீங்க? உங்க வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க, சார் வருவார்னு. கோமளா வீட்ல இல்ல. லால்குடி வரைக்கும் போயிருக்கா, வந்துடுவா. உக்காருங்க. அந்த ஓரத்துல வேண்டாம், நடு சோபால உக்காருங்க. அதுதான் சரியான இடம். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

வடகம் இல்ல சார்.

எந்திரிக்காதீங்க. கொஞ்சம் கேளுங்க. நீங்க வந்தா ஒரே ஒரு வரி சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்கா. அன்னிக்கு மத்தியானம் கோமளா கண் அசந்துட்டா, மழை வந்து எல்லாம் நனைஞ்சுபோச்சு, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கணும். இவ்வளவுதான் நான் சொல்லணுமாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். சொல்லிட்டேன். ஆனா அது உண்மை இல்ல சார். உண்மையைச் சொல்லணும்னா ஸ்பீக்கர்லேருந்து ஆரம்பிக்கணும்.

வடகத்துக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறீங்க. மேல பாருங்க. சீலிங்ல வட்டமா, வெள்ளையா ரெண்டு தெரியுதா? சல்லடை மாதிரி? எல்லாரும் லைட்டுன்னு நினைச்சுக்கறாங்க. லைட் இல்ல சார். ஸ்பீக்கர். சீலிங் ஸ்பீக்கர். இந்தத் தெருவுலயே நம்ம வீட்ல மட்டும்தான்.

எனக்கு ஒரு சகலை இருக்கார். மோகன்தாஸ்னு பேரு, கோமளாவோட தங்கச்சி வீட்டுக்காரர். கோயமுத்தூர்ல புது வீடு கட்டி கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார். போனோம். சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போட்டார், குறை சொல்லக்கூடாது. சாப்பிட்டதும் ஆம்பிளைங்க எல்லாரையும் ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். ஹோம் தியேட்டர். சீலிங்ல நாலு ஸ்பீக்கர். ஒரு ஹெலிகாப்டர் பின்னாடிலேருந்து வந்து நம்ம தலை மேல பறந்து முன்னாடி போகுது சார். கூட வந்த பெரியவர் ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எனக்குப் பொறாமையெல்லாம் இல்ல. பொறாமைங்கற குணமே எனக்குக் கிடையாது. ஆனா அந்த ஆள் என் தோள்ல கையைப் போட்டு, "அண்ணே, இதெல்லாம் எல்லார் வீட்டுலயும் செட் ஆகாதுண்ணே"ன்னு சொன்னார் பாருங்க. அன்னிக்கு நைட்டு பஸ்ஸுல வரப்போ முடிவு பண்ணேன்.

நான் டெலிபோன்ல இருந்தவன் சார். சர்வீஸ் முழுக்க சத்தத்தோடதான் வாழ்ந்தேன். லைன்ல ஒரு கரகரப்பு வந்தா போதும், எந்தத் தெருவுல எந்தக் கம்பத்துல தப்புன்னு இங்கேருந்தே சொல்லிடுவேன். என்னோட காது அப்படி. அதனால ஸ்பீக்கர் வாங்கறதுன்னா கண்டதை வாங்கிட முடியாது. அதே சமயம் பட்ஜெட்டும் இருக்கு. பட்ஜெட்னா, மொட்டை மாடிக்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஷீட்டு போடணும்னு கோமளா ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தா. வெயில் உள்ள வரும், மழை வராதாம். வடகம் காயப் போடறதுக்கு. அதுக்குன்னு அவ ஒதுக்கி வெச்சிருந்தா. நான் சொன்னேன், வடகம் போடறதே கோடையில, கோடையில எங்கடி மழை வரப்போகுது, ஷீட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு. நியாயம்தானே சார்?

அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "கீழ நின்னு நான் சொல்றதே உங்க காதுல விழ மாட்டேங்குது, இதுல மேலேருந்து வேற கேக்கணுமா?"ன்னா. தமாஷா பேசுவா.

சிங்காரத்தோப்பு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "சார், உங்க வீட்ல ஃபால்ஸ் சீலிங் இருக்கா?" நான் சொன்னேன், "எங்க வீட்ல எல்லாமே ஒரிஜினல்தான்." அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்புறம்தான் விளக்கினார். இந்த மாதிரி ஸ்பீக்கரைச் சீலிங்குக்குள்ள புதைக்கணுமாம், அதுக்கு உள்ள வெத்திடம் வேணுமாம். நம்ம வீடு கான்க்ரீட். கான்க்ரீட்டைக் குடைஞ்சா கோமளா என்னைக் குடைஞ்சுடுவா.

அப்ப அவர் வேற ஒண்ணு காமிச்சார். அதைத் தரையில வெக்கணும். அது சத்தத்தை மேல பாத்து அடிக்கும், சத்தம் சீலிங்ல பட்டு நம்ம மேல விழும். விலையும் கம்மி. பாத்துட்டுத் திருப்பித் தரேன்னு வாங்கிட்டு வந்து வெச்சேன். விழுந்துச்சு சார், நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா நடுவுல ஃபேன் இருக்கே! றெக்கை சுத்தச் சுத்த சத்தத்தை வெட்டி வெட்டி அனுப்புது. ஹெலிகாப்டருக்கு விக்கல் எடுக்குது. ஃபேனை நிறுத்தினா ஜோரா இருக்கு. ஆனா திருச்சி சார். மே மாசம். பத்து நிமிஷம் உக்காந்தேன், பனியன் பிழியற மாதிரி ஆயிடுச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்.

அப்புறம் ஒருத்தர் சொன்னார்னு பழைய சாமான் கடையில போய்ப் பாத்தேன். ஒரு ஜவுளிக்கடையைப் புதுப்பிச்சப்போ கழட்டிப் போட்ட சீலிங் ஸ்பீக்கர், ஒரு கூடை நிறைய. அள்ளிக்கோன்னு சொல்ற விலை. ஆனா அது பிறந்ததுலேருந்து "பட்டுப் பிரிவு வளர்மதி உடனே கேஷ் கவுண்டருக்கு வரவும்" தவிர வேற எதுவும் பேசினதே இல்ல. நம்ம ஆம்ப்ளிஃபயரோட அதுக்கு ஒத்துப்போகாதாம். ஒத்துப்போனாலும் சண்டைக் காட்சியில வில்லனைக் கேஷ் கவுண்டருக்குக் கூப்பிடற மாதிரிதான் இருக்கும். வேண்டாம்னு வந்துட்டேன்.

காபி சாப்பிடறீங்களா? எனக்குப் போடத் தெரியாது, ஆனா கோமளா பிளாஸ்க்ல வெச்சுட்டுப் போயிருக்கா, நீங்க வருவீங்கன்னு. எடுத்துக்குங்க. சர்க்கரை சரியா இருக்கும். அவ கணக்கு தப்பாது.

எங்க விட்டேன்? ஆங். திரும்ப சிங்காரத்தோப்புக்கே போனேன். பாதி ஹாலுக்கு மட்டும் பிளாஸ்டிக் பலகையில ஒரு பட்டை சீலிங் அடிச்சுக்கலாம், அதுல புதைச்சுக்கலாம்னு கடைக்காரர் யோசனை சொன்னார். சரின்னேன். நாலு போட்டாத்தான் சார் நல்லா இருக்கும்னார். நான் கேட்டேன், "மனுஷனுக்கு எத்தனை காதுய்யா?" ரெண்டுன்னார். "அப்புறம் எதுக்கு நாலு ஸ்பீக்கர்?" நாலை அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுதிக்கிட்டார்.

இப்ப எந்த ரெண்டு? அங்கதான் சார் விஷயமே. கடையில எதைப் போட்டுக் காட்டினாலும் மழையைத்தான் போட்டுக் காட்டறாங்க. இலை மேல சொட்டற மழை, தகரத்துல கொட்டற மழை, இடி. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டேன். ஒண்ணுல மழை எண்ணெய்ல அப்பளம் பொரியற மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணுல யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. கடைசியா ஒரு ஜோடி, பேர் தெரியாத கம்பெனி, அதைப் போட்டார். நான் கண்ணைத் திறந்து வாசல்ல நிறுத்தின வண்டி நனையுதான்னு எட்டிப் பாத்தேன் சார்! அப்பவே சொல்லிட்டேன், இதான் வேணும்னு. "வசனம் மட்டும் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும் சார்"னார். வசனத்தை யார் கேக்கறா? வாழ்க்கை பூரா ஹலோ ஹலோன்னு கேட்டு அலுத்துப்போனவன் நான். மழை வேணும். மழை இருக்கு.

ஒரு நிமிஷம் போட்டுக் காட்டவா? வேண்டாமா? சரி, சரி. வாட்சைப் பாக்காதீங்க, வடகத்துக்குத்தான் வந்துட்டு இருக்கேன்.

கோமளா வடகம் போடறது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமா வாங்கறீங்க. ஆனா எப்படிப் போடறான்னு தெரியாது. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கூழ் கிண்டுவா. வெயில் ஏறறதுக்குள்ள மாடியில வேட்டியை விரிச்சு, அச்சுல பிழிஞ்சு முடிச்சுடுவா. மூணு காய்ச்சல், அதாவது மூணு நாள் வெயில், காயணும். காக்கா விரட்டறது என் வேலை. படிக்கட்டு நிழல்ல குச்சியோட உக்காந்திருப்பேன். ஸ்பீக்கர் வந்தப்புறம் அது முடியல. ஆனா பொறுப்பில்லாம விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. பழைய சிடியெல்லாம் கயித்துல கட்டித் தொங்க விட்டேன். பளபளன்னு ஆடும், ஒரு காக்கா வராது.

மழைன்னா அவ காதைத் தனியாச் சொல்லணும் சார். ஜன்னலுக்கு மேல தகரம் இருக்கு பாருங்க, அதுல முதல் சொட்டு விழுந்தா, ரெண்டாவது சொட்டுக்குள்ள அவ மாடியில இருப்பா. என்ன வேலையா இருந்தாலும் சரி. இத்தனை வருஷத்துல ஒரு வேட்டி நனைஞ்சதில்ல.

ஸ்பீக்கர் மாட்டின அன்னிக்கு நான் முதல்ல மழையைத்தான் போட்டேன். அடுப்பங்கரையில ஒரு பாத்திரம் விழுந்துச்சு. அடுத்த நிமிஷம் மேல தடதடன்னு ஓடற சத்தம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு, கையில மாவோட, அந்த வெயில்ல வேட்டியெல்லாம் சுருட்டிட்டு இருக்கா! பக்கத்து வீட்டுப் பொண்ணும் துணி எடுக்க மாடிக்கு வந்துடுச்சு. நான் படிக்கட்டுல நின்னு சிரிக்கிறேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மோகன்தாஸ் ஹெலிகாப்டருக்கு ஒரு கிழவர் தலையைக் குனிஞ்சார், அவ்வளவுதான். இங்க ரெண்டு வீடு மாடி ஏறுது சார்!

அப்புறம் தினம் ஒரு தடவையாவது ஓடுவா. நான் வேணும்னு செய்யல. நம்ம படங்கள்ல மழை ஜாஸ்தி. காதல்னா மழை, சாவுன்னா மழை, சண்டைன்னா மழை. பாவம், முழங்கால் வலி அவளுக்கு. மாடிக்கும் கீழுக்கும் எத்தனை தடவை ஏறி இறங்குவா? அதனால நான்தான் ஒரு ஏற்பாடு சொன்னேன். "இனிமே சத்தம் கேட்டா உடனே ஓடாதே. என்னைக் கேளு. மழையா ஸ்பீக்கரான்னு நான் சொல்றேன்." அவளும் சரின்னா. அதுலேருந்து அடுப்பங்கரையிலேருந்து ஒரு குரல் வரும், "ஏங்க, மழையா?" நான் "ஸ்பீக்கர்"ம்பேன். அவ வேலையைப் பாப்பா. எவ்வளவு நிம்மதி பாருங்க.

அன்னிக்கு உங்க ஆர்டருக்கு மூணாவது காய்ச்சல். உங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளையோட ஊருக்குக் கிளம்பறா, கூழ் வடகம், வெங்காய வடகம், மோர் மிளகாய் எல்லாம் குடுத்து அனுப்பணும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களாம். அந்த ஊர்ல வடகம் காய வெயிலே இல்லியாமே? கோமளா அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிழிஞ்சா. "முதல் முதலா தனியா சமைக்கப் போற பொண்ணு, குழம்பு நல்லா வரலைன்னாலும் வடகம் இருந்தா சாப்பாடு இறங்கும்"னு சொல்லிட்டே பிழிஞ்சா. உங்களோடது மட்டும் இல்ல, இன்னும் நாலஞ்சு பேரோடதும் மேலதான் காஞ்சுட்டு இருந்துச்சு.

நான் கீழ படம் பாக்கறேன். நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடம். கோர்ட் சீன். வக்கீல் குறுக்கு விசாரணை பண்றார். அப்ப மழை ஆரம்பிச்சது சார். முதல்ல பொட்டு பொட்டுன்னு. அப்புறம் சடசடன்னு. நான் அசந்துட்டேன். என்ன டைரக்டர்யா இவன்! கோர்ட்டுக்குள்ள மழை வெச்சிருக்கான்! சாட்சி பொய் சொல்றான்ல, வெளியில மழை பெய்யுதாம், மனசாட்சி மாதிரி. எவ்வளவு நுணுக்கம்! ரிமோட்டை எடுத்து சத்தத்தை இன்னும் ஏத்தினேன்.

அடுப்பங்கரையிலேருந்து குரல் வந்துச்சு. "ஏங்க, மழையா?"

"ஸ்பீக்கர்டி!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தகரத்துல விழற மாதிரி இருக்கு."

"அதுதாண்டி இதோட தரமே!"

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் சொன்னா. "மண் வாசனை அடிக்குதுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த அளவுக்கு எஃபெக்ட்!"ன்னேன்.

எனக்கும் அடிச்சுது சார் அந்த வாசனை. சத்தியமா அடிச்சுது. மனசு ஒண்ணுல லயிச்சா அப்படித்தான், வாசனையெல்லாம் வரும்னு நினைச்சேன். புல்லரிச்சுப் போய் உக்காந்திருக்கேன்.

அப்ப கரண்ட் போச்சு. டிவி இருட்டாயிடுச்சு. ஃபேன் நின்னுடுச்சு. வக்கீல் போயிட்டார், ஜட்ஜ் போயிட்டார்.

மழை மட்டும் பெய்யுது.

அப்பவும் ஒரு நிமிஷம், ஆம்ப்ளிஃபயர்ல மிச்சம் கொஞ்சம் கரண்ட் இருக்கும், அதுல ஓடுதுன்னுதான் சார் உக்காந்திருந்தேன். நான் டெக்னிக்கலா யோசிக்கிறவன். அதுக்குள்ள கோமளா என்னைத் தாண்டி ஓடினா. இந்தத் தடவை என்னைக் கேக்கல.

குடையை எடுத்துட்டு நான் மேல போறப்போ அவ நடுவுல நின்னுட்டு இருந்தா. எதையும் சுருட்டல. சுருட்ட ஒண்ணும் இல்ல. கூழ் வடகம் மறுபடியும் கூழாயிடுச்சு. வெள்ளை வெள்ளையாக் கரைஞ்சு, வேட்டி மேலேருந்து வழிஞ்சு, தண்ணிக் குழாய் வாய்ல போய் இறங்குது. மோர் மிளகாய் மட்டும் அங்கங்க மிதக்குது. சிடியெல்லாம் நல்லா ஆடிட்டு இருக்கு. நான் குடையைப் பிடிச்சேன். ஆறுதலா ஏதாவது சொல்லணுமேன்னு, "பாத்தியா கோமளா, நிஜ மழைக்கும் நம்ம மழைக்கும் வித்தியாசமே தெரியல"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. அவ்வளவுதான். குடையிலேருந்து வெளிய போய், குனிஞ்சு, வேட்டியைப் பிழிய ஆரம்பிச்சா.

திட்டல சார். திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். ராத்திரி வழக்கம் போல சாதம் போட்டா, ரசம் ஊத்தினா. தொட்டுக்க ஒண்ணும் வெக்கல. நானும் கேக்கல.

மறுநாள் காலையில உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா. நான் பேப்பர் படிக்கிற மாதிரி இங்கதான் இருந்தேன். எல்லார்கிட்டயும் ஒரே பேச்சு. "நான்தாங்க மத்தியானம் கண் அசந்துட்டேன், மழை வந்தது தெரியல." உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் போன்ல சொல்ல மனசு வரல, பொண்ணு கிளம்பற நேரமாச்சேன்னு விட்டுட்டா. ஒரு அம்மா பேசினது எனக்கே இங்க கேட்டுச்சு. தூக்கம் வர வயசுல ஆர்டர் எதுக்கு எடுக்கறீங்க, முடியலைன்னா விட்டுட வேண்டியதுதானேன்னு. இவ "ஆமாங்க, ஆமாங்க"ன்னு கேட்டுட்டு இருக்கா. இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரு சார் அது.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "எதுக்குடி பொய் சொல்றே? உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே. எங்க வீட்டு ஸ்பீக்கர் அசல் மழை மாதிரியே இருக்கும், அதனால ஏமாந்துட்டோம்னு சொல்லு. இதுல என்ன வெக்கம்?"னு கேட்டேன்.

"அதைச் சொன்னா சிரிப்பாங்க"ன்னா.

"சிரிச்சா சிரிக்கட்டுமே."

"உங்களைப் பாத்துல்ல சிரிப்பாங்க"ன்னா. "என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாங்க, அந்தப் போனோட முடிஞ்சுடும். கோர்ட் சீன்ல மழைன்னு நினைச்சவர்னு உங்களைப் பேச ஆரம்பிச்சா ஊர் முழுக்கச் சுத்தும். மார்க்கெட்ல ஒருத்தன் கேட்டுச் சிரிச்சா நீங்க தாங்குவீங்களா? மோகன்தாஸ் காதுக்குப் போனா தாங்குவீங்களா?"

தாங்குவேன்னு சொன்னேன். அவ சிரிச்சுக்கிட்டு அடுத்த நம்பரைப் போட்டா.

இப்ப லால்குடிக்குப் போயிருக்கறதும் உங்களுக்காகத்தான். அங்க அவளுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க வடகம் போடறாங்க, உங்க பொண்ணு கிளம்பறதுக்குள்ள கொஞ்சமாவது வாங்கிக் குடுத்துடணும்னு முழங்காலைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருக்கா. இது நான் போட்டது இல்லன்னு சொல்லித்தான் குடுப்பா. அப்படிச் சொல்லாம குடுக்க மாட்டா.

நீங்க சிரிக்கறீங்க சார். இல்ல, இல்ல, பாத்துட்டேன். கரண்ட் போனதைச் சொன்னப்பவே இருமற மாதிரி மறைச்சீங்க. எனக்கு இதுல எங்க சிரிப்பு வருதுன்னு இன்னும் புரியல. ஸ்பீக்கர் அவ்வளவு நல்லா இருந்தது அதோட தப்பா? ஆனா நீங்க சிரிக்கறப்போ எனக்குக் காதெல்லாம் சுடுது. அவ சொன்னது சரிதான். தாங்கல.

இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். நீங்க இப்ப வீட்டுக்குப் போவீங்க. வடகம் எங்கேன்னு உங்க வீட்டம்மா கேப்பாங்க. நீங்களும் என்னை மாதிரிதான், ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் ஆகணும். ஸ்பீக்கர்னே சொல்லுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க, நடனசபாபதின்னு. கோர்ட் சீனைச் சொல்லுங்க, மண் வாசனையைச் சொல்லுங்க, ஒண்ணையும் விடாதீங்க. அவங்க சிரிக்கட்டும். அக்கம் பக்கத்துல சொல்லி சிரிக்கட்டும். கோயமுத்தூர் வரைக்கும் போனாலும் போகட்டும். கோமளா தூங்கிட்டான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன், அவ பகல்ல ஒரு நாள் படுத்து நான் பாத்ததில்ல.